ஓராண்டுப் பெயர்

ரங்கூனிலிருந்து கப்பலேறி எங்கள் குடும்பம் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியது 1965ஆம் ஆண்டில். அப்போது எனக்கு வயது எட்டு. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய பர்மிய இராணுவம், 1964இல் கடைகளை அரசுடைமையாக்கியது. வாப்பாவின் துணிக்கடையும் அதில் போயிற்று. அரசாங்கத் தாளில் எங்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதினர். பள்ளிக்கூடத்திலோ எனக்கு 'பர்மா அகதி' என்று பெயர். அழுதுகொண்டே வீடு திரும்பிய என்னிடம் வாப்பா, "ஒரு வருஷம் பொறுத்துக்கொள், தம்பி. பிறகு மறந்துவிடுவார்கள்" என்றார்.

அண்மையில் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லைப் படித்தபோது அவ்வார்த்தை மீண்டும் நினைவில் எழுந்தது. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில், 'கிரிஃபின்' என்றொரு சொல் இடம்பெற்றுள்ளது. கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்குக்கு ஆங்கிலத்தில் அதுவே பெயர். ஆனால், இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அச்சொல்லை வேறொரு பொருளில் வழங்கினர்: நாட்டுக்குப் புதிதாய் வந்து, இவ்விடத்து வழக்கம் அறியாமல் விழிக்கும் வெள்ளைக்காரன்.

இச்சொல் முதலில் சென்னையில் வழங்கியதாகத் தோன்றுகிறது என்பர் அவ்வறிஞர்கள். ஏன் அப்பெயர் வந்தது என்பது அவர்களுக்கும் விளங்கவில்லை. 1746 முதல் 1748 வரை இந்தியக் கடலில் கடற்படைக்குத் தலைமை தாங்கி, அத்துணை வெற்றி காணாத கிரிஃபின் என்னும் தளபதியின் பெயரோ என்று ஐயுற்று, அத்துடன் விட்டுவிட்டனர்.

அச்சொல்லில் கேலி உண்டு, இழிவு இல்லை. 1807இல் கவர்னர் ஜெனரலாக வந்த மிண்டோ பிரபுவே தம்மை அவ்வாறு குறித்துக்கொண்டார். அதற்குக் காலவரையறையும் இருந்தது. 1843இல் பெல்லூ என்னும் படைத்தலைவர் 'ஒரு கிரிஃபினின் நினைவுகள்' என்னும் பொருள்பட ஒரு நூல் வெளியிட்டார். பயிற்சிப் படைவீரன் ஒருவனின் முதல் ஓராண்டு என்பதே அதன் துணைத்தலைப்பு. ஆண்டு நிறைந்தால் கிரிஃபின் பழையவனாகிவிடுவான். அடுத்த கப்பலில் வருபவனை அவனே கேலி செய்யத் தொடங்குவான்.

வாப்பா எதிர்பார்த்த அந்த ஓராண்டு, கிரிஃபினுக்குக் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆள வந்தவனின் பெயர் அடுத்த கப்பலோடு கழன்றது. பிழைக்க வந்தவனின் பெயரோ அவன் வீட்டுக் கதவில் ஒட்டிக்கொண்டது. அறுபது ஆண்டுகள் கழித்தும் எங்கள் வீடு 'பர்மாக்காரர் வீடு'தான். ரங்கூனைக் கண்ணாலும் காணாத என் பேரன், 'பர்மாக்காரர் பேரன்'.

இக்குறையை நான் பிறர்மீது மட்டும் சுமத்துவதற்கில்லை. எங்கள் தெருவில் கட்டட வேலை செய்யும் பீகார் இளைஞன் ஒருவன் உண்டு. சென்ற மாதம் குழாய் பழுதுபட்டபோது, "அந்த வடக்கனைக் கூப்பிடு" என்று பேரனிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, அவ்விளைஞனின் பெயரைச் சொன்னான்.

அந்தப் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவ்விளைஞன் எங்கள் தெருவுக்கு வந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது.