துருத்தி ஊதின பெடியன்

1913 ஆம் ஆண்டு. பிரான்ஸைச் சுற்றிப் பல கட்டங்களாக நடக்கிற டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டம். ஆறாம் கட்டம் 326 கிலோமீற்றர், பைரனீஸ் மலைகளைக் கடந்து ஒரே நாளில் ஓடி முடிக்க வேணும். மொத்த வெற்றிக்கே வாய்ப்பிருந்த யூஜின் கிறிஸ்தோப், தூர்மலே மலையால் இறங்கும்போது முன்சில்லைப் பிடிக்கிற போர்க் முறிஞ்சு போச்சு.

அந்தக் காலத்து விதி கடுமையானது. சைக்கிளில் எது உடைந்தாலும் ஓடுகிறவரே திருத்த வேண்டும், வேறு யாரும் கை வைக்கக்கூடாது. கிறிஸ்தோப் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு 10 கிலோமீற்றருக்கு மேல் நடந்து, அடிவாரக் கிராமமொன்றின் கொல்லன் பட்டறைக்குப் போனார். போட்டி அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க, தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து ஒட்டினார். ஆனால் ஒரு கையில் இரும்பு, மறு கையில் சுத்தியல். உலைக்கு யார் காற்று ஊதுறது? அங்கே நின்ற ஒரு பெடியன் துருத்தியை ஊதிவிட்டான். அது 'வெளி உதவி' எண்டு கிறிஸ்தோப்புக்குத் தண்டனை நிமிடங்கள் போட்டார்கள். ஏற்கனவே பல மணித்தியாலம் போய்விட்டது. கடைசியில் ஏழாம் இடம்.

முதலாம் வருசத்தில், ஹொஸ்டலில் ஒரு இரவு போனில் இதை வாசித்தேன். அப்ப எனக்கு இது தனியொருவனின் விடாமுயற்சிக் கதை. வட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூடப் போட்டேன். பெடியனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

எனக்கு ஏ.எல் ரிசல்ட் வந்தபோது பாடசாலையில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். "ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் தானாப் படிச்சு வந்த பிள்ளை" எண்டு மேடையில் சொன்னார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். பின் வரிசையில் அக்கா இருந்தா. ஓ.எல்லோடு படிப்பை விட்டுத் தையல் கடைக்குப் போனவ. என்ரை ரியூசன் காசு முழுக்க அவவின்ரை சம்பளம். இரவு வகுப்பு முடிய சைக்கிளில் வந்து ஏத்திக்கொண்டு போறதும் அவதான். மைக் என்ரை கையில் இருந்தது. நான் அவவின்ரை பெயரைச் சொல்லேல்லை.

ஏன் சொல்லவில்லை? உதவி எடுத்தால் வெற்றியின் மதிப்புக் குறையும் எண்டு நானும் நம்பியிருந்தேன். அந்தப் போட்டி அதிகாரிகளைப் போலத்தான்.

1919 இல் கிறிஸ்தோப் திரும்பவும் ஓடினார். முன்னணியில் நிற்பவருக்கு மஞ்சள் ஜேர்சி கொடுக்கும் வழக்கம் தொடங்கியது அந்த ஆண்டில்தான். அதை முதலில் அணிந்தவரும் அவரே. கடைசிக்கு முதல் கட்டத்தில் மறுபடியும் போர்க் முறிந்தது. மறுபடியும் தானே திருத்தினார், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது, மூன்றாம் இடம். ஆனால் இம்முறை சனங்கள் காசு சேர்த்து அனுப்பினார்கள். வென்றவரின் பரிசை விட அது கூட. உதவி குற்றமில்லை எண்டு விதிக்கு முதல் சனத்துக்கு விளங்கிவிட்டது.

போன கிழமை வீட்டை போனபோது அக்காவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். மெசினில் இருந்து தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தா. முடிய, ஒண்டு மட்டும் கேட்டா:

"அந்தப் பெடியனுக்கு ஏதும் குடுத்தவையோ?"

நான் அதை ஒருநாளும் யோசிச்சதே இல்லை.