பாட்டியும் குல்பியும்

தலைநகர் டில்லியில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் குளிர்காலம் வந்துவிட்டால் ஒரு சட்டம் அமலுக்கு வரும்; தயிர் ஆகாது, ஐஸ் ஆகாது, பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. எங்கள் இல்லமும் இதற்கு விலக்கன்று. சென்ற தை மாதத்தில், ஏழு வயது நிரம்பிய எங்கள் மகனுக்கு டான்ஸில் சதையை அறுவை செய்து நீக்கினார்கள். வீடு திரும்பும்போது மருத்துவர் இந்தியில் ஏதேதோ விளக்கினார். துணைக்காக ஊரிலிருந்து வந்திருந்த பாட்டிக்கு நாங்கள் சொன்னது ஒரே வரிதான்: "ஐஸ்கிரீம் கொடுக்கலாமாம்." பாட்டி மருத்துவரை ஏற இறங்கப் பார்த்தார்.

இல்லத்தில் சூடான மிளகுப் பாலும் ரசஞ்சாதமும் வந்தன. பெரியவர் மனம் நோகலாகாதென்று நாங்கள் வாய் திறக்கவில்லை. குழந்தையும் ஒருவாறு விழுங்கினான். வலி குறைந்துவிட்டதென எண்ணி மருந்தையும் நாங்களே குறைத்தோம். அது பெரும் பிழை. இவ்வறுவைக்குப் பின் வலி நாளுக்கு நாள் தணிவதில்லை. மூன்றாம் நாளுக்கு மேல் கூடி, ஒரு வாரம் வரை நீடிப்பதுண்டு.

நான்காம் நாள் அவன் எச்சிலையும் விழுங்க மறுத்தான். காதைப் பிடித்துக்கொண்டு அழுதான், கண்ணீர் வரவில்லை. உதடுகள் உலர்ந்திருந்தன. பிற்பகல் வரை சிறுநீரும் கழிக்கவில்லை. தொண்டையில் வெண்மையாகப் படர்ந்திருந்ததைக் கண்டு, சீழ் பிடித்துவிட்டதென்றே நடுங்கினோம்.

மருத்துவமனையில் நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள். மருத்துவர் சொல்லச் சொல்ல, இம்முறை ஒன்று விடாமல் பாட்டிக்குத் தமிழில் கூறினோம். வெண்படலம் சீழன்று, ஆறும் புண்ணின்மேல் படியும் பொருக்கு. காதில் நோயில்லை, தொண்டையின் உணர்ச்சியை எடுத்துச் செல்லும் நரம்பே காதுக்கும் கிளை விடுவதால் வலி அங்கும் தோன்றுகிறது. அஞ்சவேண்டியது குளிர்ச்சிக்கன்று, உடலில் நீர் வற்றுவதற்கே. வலியால் குழந்தை விழுங்குவதில்லை; விழுங்காமையால் தொண்டை உலர்ந்து வலி மிகுகிறது. குளிர்ந்த ஆகாரம் புண்ணைச் சற்றே மரக்கச் செய்து விழுங்க வைக்கிறது.

"சளி பிடிக்காதா என்று கேளுங்கள்" என்றார் பாட்டி. கேட்டோம். "சளி கிருமியால் வருவது, குல்பியால் அன்று" என்றார் மருத்துவர் சிரித்தபடி.

அன்று மாலை, இந்தியில் ஒரு சொல்லும் அறியாத பாட்டி எங்களுடன் கடைத்தெருவுக்கு வந்து, தாமே "குல்பி" என்று கேட்டு வாங்கினார். பிஸ்தாத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீக்கி, கரண்டி நுனியால் ஊட்டினார். மூன்றாம் கரண்டிக்குக் குழந்தை தானே வாய் திறந்தான்.

மறுநாள் முதல் சமையல் மாறிற்று. மருத்துவர் குறித்த அளவில் வலி மருந்தை வேளை தவறாது கொடுத்து, அரைமணி கழித்து உணவளித்தோம். புளிக்காத தயிரில் குழையப் பிசைந்த சாதம், ஆறவைத்த ஜவ்வரிசிக் கஞ்சி, இளநீர், இடையிடையே சிறு மிடறாகக் குளிர்ந்த நீர். முறுக்கு, அப்பளம், காரம், புளிப்பு யாவும் விலக்கு. சிவப்பு நிறச் சர்பத்தையும் தவிர்த்தோம். வாந்தியெடுத்தால் இரத்தமென மயங்க நேரும். ஏறத்தாழ ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை பொருக்கு உதிரும் காலம். அப்போது வாயில் புது இரத்தம் கண்டால், சிறிதே ஆயினும், தாமதியாது மருத்துவமனைக்கு விரையவேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். நல்லவேளையாக அவ்வாறு ஏதும் நேரவில்லை. பன்னிரண்டாம் நாள் குழந்தை இட்லியுடன் சட்னியும் கேட்டான்.

ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்குப் பெரியவர்களின் துணை பெரும்பேறு. அவர்கள் அன்பில் குறையில்லை. மருத்துவர் கூறிய காரணத்தை முதல் நாளே பாட்டிக்கு முழுமையாகச் சொல்லியிருந்தோமாயின், எங்கள் குழந்தை அந்த நான்காம் நாளைக் கண்டிருக்கமாட்டான்.