குழந்தைகளும் காலடி மண்ணும்

மும்பையில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு பாகுபாடு நிலைத்துவிட்டது. மரம், குளம், வயல், வண்ணத்துப்பூச்சி ஆகியவை ‘ஊரில்’ இருப்பவை. பள்ளிக்கூடம், ரயில், அலுவலகம் ஆகியவை இங்கே இருப்பவை. கோடை விடுமுறையில் குழந்தைகளைத் திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ அழைத்துச் சென்று, தாத்தா வீட்டுக் கிணற்றையும் கன்றுக்குட்டியையும் காட்டிவிட்டால் அவ்வாண்டுக்குரிய கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். அந்தப் பயணம் வேண்டாததென்று நான் கூறவில்லை. ஆனால் பதினோரு மாதம் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரு மாதம் விருந்து வைத்து என்ன பயன்? குழந்தைக்கு வேண்டியது அன்றாடச் சோறு. வீட்டு வாசலிலேயே கிடைக்கவேண்டிய மண்ணும் வெயிலும்.

சென்ற ஆண்டு என் பேத்திக்கு எட்டு வயதிலேயே மூக்குக்கண்ணாடி வந்தது. கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிகிறதென்றாள். பொன்னாங்கண்ணிக் கீரை சமைத்துப் போடட்டுமா என்று என் மனைவி கண் வைத்தியரிடம் கேட்டாள். “கீரை நல்லதுதான், அம்மா. ஆனால் குழந்தை நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியில் விளையாடட்டும், அது இன்னும் நல்லது” என்றார் அவர்.

அந்தச் சொல்லுக்கு ஆதாரம் உண்டு. சீனாவிலுள்ள குவாங்சௌ நகரில் பன்னிரண்டு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுள் ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு நாள்தோறும் 40 நிமிஷம் வெளியில் இருக்கும் நேரத்தைக் கூட்டினார்கள். மூன்று ஆண்டுகளில் மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை புதிதாக உண்டாயிற்று. வெளியில் விடப்பட்டோரில் 30.4 சதவீதத்தினருக்கே உண்டாயிற்று. இம்முடிவுகள் 2015இல் வெளியாயின. வீட்டு விளக்கின் ஒளி சில நூறு லக்ஸ்தான். வெளியில் மர நிழலிலேயே பல ஆயிரம் இருக்கும். அவ்வொளி படும்போது விழித்திரையில் டோபமின் என்னும் பொருள் சுரந்து, கண்கோளம் அளவுமீறி நீளாமல் தடுக்கிறது என்பது ஆராய்ச்சியாளரின் கருத்து. இது வெளிச்சத்தின் வேலை, மரத்தின் வேலையன்று என்று யாரேனும் வாதிக்கலாம். மெய்தான். ஆனால் வெறும் வெயிலில் எந்தப் பிள்ளை இரண்டு மணி நேரம் நிற்கும்? அதை வெளியே இழுத்து நிறுத்திவைப்பது மரமும் அணிலும் அல்லவா?

அழுக்கைக் கண்டு அஞ்சும் தாய்மாருக்கு ஒரு செய்தி. பின்லாந்தில் நகரத்துக் குழந்தைகள் காப்பகங்கள் சிலவற்றின் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்தரையையும் கொண்டுவந்து பரப்பினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள சிறுவர் 28 நாள் அதில் விளையாடினர். அவர்களுடைய தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகிற்று. உடலின் எதிர்ப்புச் சக்தி சமநிலை அடைவதைக் காட்டும் குறிகளும் இரத்தத்தில் தென்பட்டன. 2020இல் வந்த ஆய்வு இது. கை கழுவாமல் உண்ணலாம் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டவேண்டாம் என்று என் பேரனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

உடலை விடுவோம். இதே நகரத்தில் ஒரு சிறுவன் தன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டைக் கண்டு வியந்தான். அவனுடைய மாமா அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே காரியதரிசியாக இருந்த மில்லார்ட் துரை சிறுவனை விரட்டாமல், அலமாரிகளைத் திறந்து நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். அச்சிறுவன்தான் பின்னாளில் உலகம் போற்றிய சாலிம் அலி. தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில், நகரின் குப்பையெல்லாம் கொட்டப்பட்டு வந்த மேட்டில் 1983இல் மரக்கன்று நட்டவரும் அவரே. ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்புள்ள அவ்விடம் 1994 முதல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக விளங்குகிறது. தமிழர் நெருங்கி வாழும் தாராவியிலிருந்து கூப்பிடு தூரம். ஆயினும் நம் குழந்தைகளில் பலர் அதைக் கண்டதில்லை.

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேரை அங்கே அழைத்துப் போவதுண்டு. பள்ளியில் அவர்கள் ‘பஹாவா’ என்று கற்ற மரத்தைச் ‘சரக்கொன்றை’ என்று காட்டுவேன். ‘லாஜாளு’ என்ற செடியை ஒருத்தி விரலால் தொட, இலைகள் கூம்பின. தமிழில் அதற்குத் ‘தொட்டாற்சுருங்கி’ என்று பெயர் என்றேன். பெயரிலேயே கதை இருக்கிறதே என்று சிரித்தாள். ஞாயிறு வகுப்பில் பத்து முறை எழுதி மறந்த சொற்கள் உண்டு. விரல் பட்டுக் கற்ற இச்சொல்லை அவள் மறக்கவில்லை. மொழி பிள்ளைகளிடம் நிற்கவில்லையே என்று வருந்தும் நாம், அச்சொற்கள் குறிக்கும் பொருளை அவர்கள் தொட வழி செய்திருக்கிறோமா?

பூங்கா வாரத்துக்கு ஒரு நாள்தான். அன்றாடத்துக்கு எங்களுக்கு உள்ளது, கட்டடத்தின் பின்புறம் இருபதடிக்கு முப்பதடி அளவில் ஒரு மண்திட்டும், அதில் ஒரு பூவரச மரமும். பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பி செய்ய நான் ஒரு நாள் கற்றுக்கொடுத்தேன். அன்றுமுதல் மாலைதோறும் நாதசுர கச்சேரிதான். காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு வளர்ந்ததையும் அவர்கள் மாடிப்படி ஜன்னல் வழியே கவனித்தார்கள். கைப்பேசியை வைத்துவிட்டு வா என்று அந்நாட்களில் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இப்போது அத்திட்டுக்குச் சிமெண்ட் தளம் போட்டு ஆறு கார்கள் நிறுத்தலாம் என்று ஒரு யோசனை எழுந்துள்ளது. மழையில் சேறு படிகிறது, கொசு வருகிறது என்கிறார்கள். மண் நீரைக் குடித்துவிடும். தளத்தின் பள்ளங்கள்தாம் அதைத் தேக்கிவைக்கும். மரத்தை வெட்டப்போவதில்லையே என்றும் சொல்கிறார்கள். வெட்ட இயலாது, 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். ஆனால் அடிமரம்வரை சிமெண்ட் பூசினால் வேர் எப்படி மூச்சுவிடும்? தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே ஆணையிட்டது. அந்த ஆணையை நகலெடுத்து வீடுவீடாகக் கொடுத்திருக்கிறேன்.

கார் வைத்திருப்போர் என்மேல் சற்று வருத்தமாக இருக்கிறார்கள். அவர்களுடைய சங்கடமும் எனக்குத் தெரியும். தெருவில் நிறுத்தினால் அபராதம். ஆகவே முன்புறத்தில் பழைய தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் நான்கு வண்டிகள் நிற்கும் என்று அளந்து வரைபடமும் எழுதிக் கொடுத்தேன். பொதுக்கூட்டம் வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு. இருபத்துநான்கு வீடுகளில் பதினொன்று இதுவரை எங்கள் பக்கம். இன்னும் இரண்டு வேண்டும். மூன்றாம் மாடிக்கு நாளை மாலை போகிறேன்.