மலர விடாத தோட்டம்

பூந்தோட்டம் என்றால் நமக்கு ஊட்டிதான். மே மாத மலர்க்கண்காட்சி, பாத்தி பாத்தியாகப் பூத்து நிற்கும் செடிகள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுக்கும் கூட்டம். திருச்சிக்கும் ஒரு பூக்காலம் உண்டு. மாசிக் கடைசியில் தொடங்கி ஆனி வரை நிற்கும். அதைப் பார்க்கத் திருவெறும்பூரிலிருந்து அதிகாலை மூன்று மணிக்கே வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது.

வயலூர் ரோட்டில் சோமரசம்பேட்டையைத் தாண்டிப் போனால் எட்டரை, கோப்பு என்று மல்லி போடும் ஊர்கள். இருட்டில் தோட்டம் தெரியவில்லை. இடுப்பு உயரத்தில் நகரும் வெளிச்சங்கள்தான் தெரிந்தன. தலையில் பேட்டரி லைட் மாட்டிக்கொண்டு பெண்கள் குனிந்து பறிக்கிறார்கள். சேலை முந்தானை மடியாகியிருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைத் தொடும்போதே மொட்டு மடிக்குள் போய்விடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் பச்சை மொட்டைக் கை தீண்டுவதில்லை, அது நாளைக்கு. வெளுத்துத் திரண்டது மட்டும் இன்றைக்கு. இந்த வித்தியாசத்தை நான் லைட் அடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அவர்கள் பேச்சு மும்முரத்தில் விரலாலேயே பார்த்துவிடுகிறார்கள்.

“பூவையே காணோமே அக்கா, எல்லாம் மொட்டா இருக்கு?” என்றேன்.

“பூத்துட்டா அதை யாரு வாங்குவா தம்பி?”

வெளுத்த மொட்டு அன்று மாலையே அவிழ்ந்துவிடும். அதற்குள் அது மார்க்கெட்டுக்குப் போய், கட்டுபவர் கைக்குப் போய், கடைசியில் ஒரு கூந்தலிலோ சாமி படத்திலோ ஏறியிருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மொட்டு வாடும், எடையும் போகும். இந்தச் செடிக்கு இன்று வழங்கும் ஜாஸ்மினம் சம்பாக் என்ற தாவரவியல் பெயரை 1789இல் அச்சேற்றியவர், லண்டன் கியூ தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் ஐட்டன். அங்கே செடி பூத்தால் கொண்டாட்டம். கோப்பில் ஒரு தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றால், பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

ஆள் கிடைப்பது கஷ்டம்தான். பறிகூலி கிலோக் கணக்கு. ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கில் மொட்டு கிள்ள வேண்டும். வரப்போரம் பாம்பு பயம், கொசு வேறு. குனிந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்தவர்கள். வீட்டுப் பெண்பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகிறார்கள் என்று பெருமையாகவே சொன்னார்கள்.

கார்த்திகையில் வந்தால் இந்தத் தோட்டம் அடையாளம் தெரியாது. கவாத்து வெட்டி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குக் குச்சிகளாக நிற்கும். துளிர்த்து மொட்டு வைக்க மாசி ஆகும். மார்கழி, தை பனியில் பூ அருகிப்போகும். அப்போது கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும். சித்திரையில் மடி கொள்ளாமல் பூக்கும், விலை படுத்துவிடும். நிறைய இருக்கும்போது காசில்லை, காசு இருக்கும்போது பூவில்லை. இதில் மொட்டுப்புழு வேறு.

விடியும் முன்பே மூட்டைகள் ஸ்ரீரங்கம் கிளம்புகின்றன. எங்கள் ஊர் எறும்பீசுவரர் கதை நினைவுக்கு வந்தது. தாரகாசுரனுக்குப் பயந்த தேவர்கள் எறும்பு உருவெடுத்துப் பூவோடு வந்தார்களாம். லிங்கம் வழுக்கவே, சிவன் புற்றாக மாறிச் சாய்ந்து கொடுத்தாராம். பூ மூட்டையோடு ஏறுகிற பெண்களுக்கு டவுன் பஸ் படிக்கட்டு அப்படியெல்லாம் சாய்ந்து கொடுப்பதில்லை.

சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டில் தராசுச் சத்தமும் ஏலக் குரலும். மல்லி, முல்லை, கதம்பத்துக்கு மருக்கொழுந்து, மாலைக்குச் சம்பங்கி. ஊரே பூவின் மேல் ஓடுகிறது. நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டிய தொண்டரடிப்பொடியாழ்வாரை இங்கே பூக்குடலையோடுதான் சிலை வடிக்கிறார்கள். கோடையில் வெளிக்கோடை ஐந்து நாள், உள்கோடை ஐந்து நாள் என்று நம்பெருமாளுக்குப் பூச்சாற்று உற்சவமே நடக்கிறது. மல்லி மலிகிற பருவம் பார்த்து வைத்தது மாதிரி இருக்கிறது.

மார்க்கெட்டை ஒட்டிய திண்ணையில் ஒரு பெரியவர் கட்டிக்கொண்டிருந்தார். காவிரிக் கரையில் வாழைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த பட்டையை நனைத்துக் கிழித்தால் நார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், விரலில் ஒரு சுற்று, ஓர் இழுப்பு. இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர விட்டால் பூ உருவிக்கொள்ளும். என்னையும் கட்டச் சொன்னார். நான் கட்டிய நாலு கண்ணியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பிரித்துப் போட்டார்.

“நூல்ல கட்டினா சீக்கிரம் ஆகாதாய்யா?”

“ஆகும். நூலு பூவை அறுக்கும் தம்பி. நாரு ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். சாமிக்கு நாருதான்.”

பக்கத்தில் சரம் விற்கும் அம்மாவிடம் ஒரு பெண் முழம் குறைகிறது என்று சண்டைக்கு நின்றாள். அந்த அம்மாவின் கை குட்டைதான். “என் கையாலதான்மா அளப்பேன், உன் கையைக் கடன் வாங்கவா முடியும்?” என்றவர், இரண்டு விரற்கடை கூடவே விட்டுக் கிள்ளிக் கொடுத்தார்.