கூலி கேளாக் கைகள்

நள்ளிரவு கடந்த பின்னரும் அந்த அறையில் விளக்கு அணையவில்லை. மகன் பரீட்சைக்குப் படிக்கின்றான் என்று வீட்டார் எண்ணி உறங்கச் சென்றுவிட்டனர். அவனோ ஒரு சுடலையைக் கட்டிக்கொண்டிருக்கின்றான். கைத்தொலைபேசியின் சிறு திரையிலே இடிந்த கோயிலொன்று. அதன் அடியிலே நிலவறை. நிலவறையின் அடியிலே இன்னுமொரு நிலவறை. இறந்தும் இறவாத காவலர் அங்கே உலாவுகின்றனர். கையில் ஒரு பந்தத்துடன் தனியொருவன் அதனுள்ளே இறங்கவேண்டும். இதுவே அவன் மனத்தில் உருவாகியிருக்கும் ஆட்டம்.

இத்தகைய இளைஞரை இன்று உலகின் எந்த நகரத்திலும் காணலாம். அவனிடம் கணனி இருக்கின்றது. ஓரளவு நிரல் எழுதும் பயிற்சியும் இருக்கின்றது. பணம் இல்லை. காவலரை வரைய ஒருவர் வேண்டும். நிலவறைக்குள் ஒலிக்கும் இசையை அமைக்க ஒருவர் வேண்டும். கதையை எழுதவும், பிழைகளைத் தேடிப் பிடிக்கவும், பிறமொழிகளில் பெயர்க்கவும் ஆட்கள் வேண்டும். ஆகவே முன்பின் அறியாதவர்க்கெல்லாம் அவன் அழைப்பு விடுக்கின்றான்: ஊதியம் தர இயலாது, ஆட்டம் வெற்றி பெற்றால் ஆளுக்கொரு பங்கு உண்டு என்கின்றான். வியப்பு யாதெனில், அவ்வழைப்பைக் கேட்டுச் சிலர் வந்துவிடுகின்றனர் என்பதே. வந்தவர்க்கு அவன் எதைக் கடன்பட்டிருக்கின்றான் என்ற வினா அக்கணத்திலேயே பிறந்துவிடுகின்றது. ஆனால் அவன் அதனை அப்பொழுது உணர்வதில்லை.

அச்சமும் அற்புதமும் கலந்த இந்த இருண்ட கற்பனை உலகங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, அதன் பெரும்பகுதி கூலி கேளாக் கைகளால் ஆக்கப்பட்டது என்பது புலனாகும். 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் சிலர் 'றோக்' என்னும் ஆட்டத்தை ஆக்கினர. எழுத்துகளையும் குறிகளையும் கொண்டே நிலவறையைத் திரையில் வரைந்த ஆட்டம் அது. ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாக அமையும். வீரன் இறந்தால் இறந்தவனே, மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதனைப் பின்பற்றி ஜே பென்லசன் என்னும் பாடசாலை மாணவன் தன் தோழர் சிலரின் உதவியுடன் 'ஹக்' என்னும் ஆட்டத்தை எழுதினான். 1984இல் ஆம்ஸ்ரடாமிலிருந்த அன்றீஸ் புறவர் அதனை விரித்து வெளியிட்டார். 1987இல் மைக் ஸ்ரீபன்சன் முதலியோர் அதனையே மேலும் வளர்த்து 'நெற்ஹக்' என்று பெயரிட்டனர். வலையமைப்பு வழியாக ஒருவரோடொருவர் தொடர்புகொண்டு ஆக்கியமையாலேயே அப்பெயரில் வலையைக் குறிக்கும் சொல் சேர்ந்தது. அவர்களுள் எவரும் அதற்காகச் சம்பளம் பெறவில்லை.

இவ்வரலாற்றில் இன்னொரு கட்டம் 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. டேவிட் வைற் என்பவர் 'வெஸ்னொத்துக்கான போர்' என்னும் ஆட்டத்தின் முதற்பதிப்பை அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்டார். அறுகோணக் கட்டங்களாலான நிலத்தில் மனிதரும் குள்ளரும் பிணப்படைகளும் மாறிமாறி நகரும் போராட்டம் அது. முதற்பதிப்பு மிகவும் எளியது. ஆயினும் அஃது ஓடியது. வருபவர் விளையாடிப் பார்க்கக்கூடியதாக இருந்தது. பின்னர் பிரான்சிஸ்கோ முனியோஸ் வந்து இணைந்தார். அவருக்குப் பின் சித்திரக்காரரும் இசையமைப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஒவ்வொருவராக வந்தனர். 2005ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் 1.0 பதிப்பு வெளியாயிற்று. காலப்போக்கில் கைத்தொலைபேசியிலும் அவ்வாட்டம் இடம்பெற்றது. தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பணி நின்றுவிடவில்லை.

அது நிலைத்தமைக்குரிய காரணங்களை ஆராய்ந்தால் மூன்று தெளிவாகத் தெரியும். முதலாவது, ஆட்களை அழைப்பதற்கு முன்னரே காட்டுவதற்கு ஒரு பொருள் இருந்தது. இரண்டாவது, வேலை சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. போர்வீரனின் வலிமையையும் கதையின் போக்கையும் எளிய குறிமொழியொன்றில், சாதாரண எழுத்துக் கோப்புகளாக எழுதும் ஏற்பாட்டை அவர்கள் வகுத்தனர். நிரல் அறியாதவரும் ஒரு கதையை ஆக்கி முடிக்க இஃது இடமளித்தது. ஒரு மாலைப்பொழுது மாத்திரம் ஓய்வுடையவரும் அந்த மாலைக்குரிய வேலையைச் செய்து முடித்துத் திருப்தியுடன் செல்லலாம். மூன்றாவது, நிரல் முழுவதும் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியதையும் அதே நிபந்தனையிலேயே பிறர்க்கு வழங்கவேண்டும். ஆகவே தன் உழைப்பைத் தனியொருவர் பூட்டி வைத்துக்கொள்வார் என்ற அச்சம் தொண்டருக்கு இருக்கவில்லை.

நள்ளிரவு இளைஞனின் முயற்சியோ பெரும்பாலும் வேறு வகையாகவே செல்லும். முதல் மாதத்தில் உற்சாகம் கரைபுரள்கின்றது. நூறு பக்கங்களில் அந்த உலகின் ஆயிரம் ஆண்டு வரலாறு எழுதப்படுகின்றது. ஏழு இராச்சியங்கள், அவற்றின் கொடிகள், அரசரின் வமிசாவளி, கடவுளரின் பெயர்கள் யாவும் ஆயத்தம். வீரன் ஒரு படி இறங்குவதற்கான நிரல் மாத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. இரண்டாம் மாதத்தில் சித்திரக்காரி வரைந்தனுப்பிய பன்னிரண்டு காவலரின் உருவங்கள் கோப்பொன்றில் உறங்குகின்றன. அவை நடக்கின்றனவா என்று அவள் கேட்கின்றாள், விரைவில் நடக்கும் என்கின்றான். மூன்றாம் மாதத்தில் இசையமைப்பாளருக்கு வேலை கிடைத்துவிடுகின்றது. நான்காம் மாதத்தில் எவரும் எவருக்கும் எழுதுவதில்லை. சண்டையும் இல்லை, பிரிவுரையும் இல்லை. விளக்கில் எண்ணெய் வற்றுவதுபோல அம்முயற்சி அடங்கிவிடுகின்றது.

இதில் தீயவர் எவருமில்லை. ஆயினும் ஒரு தீங்கு நிகழ்ந்துள்ளது. வெற்றி பெற்றால் பங்கு என்ற சொல் வாக்குறுதிபோல் ஒலித்ததேயன்றி, எத்தனையில் எத்தனை பங்கு, யார் கணக்கு வைப்பது, இடையிலே விலகியவருக்கு உண்டா என்பன பேசப்படவில்லை. பேசினால் நட்புக் குலைந்துவிடும் என்று அஞ்சினர். பேசாமையால் குலைந்த நட்புகளே உலகில் அதிகம். பொருள் வராத வரையில் எல்லோரும் பெருந்தன்மையுடையோரே. சிறிது வந்தபின்னரே உழைப்பின் அளவு நினைவுக்கு வருகின்றது.

பொருளைவிட நுண்ணியது உரிமை. பன்னிரண்டு காவலரை வரைந்தவளே அச்சித்திரங்களுக்கு உரிமையாளர் என்பதே பொதுவான சட்ட நிலை. பயன்படுத்தும் அனுமதியை அவள் எழுத்தில் தராத வரையில், ஆட்டம் வெளிவரும் நாளில் அவளைத் தேடவேண்டும். அவள் முகவரி மாறியிருக்கலாம், மனமும் மாறியிருக்கலாம். தேர்ந்த நிறுவனங்களும் இவ்விக்கலுக்கு விலக்கல்ல. 'விஎல்சி' என்னும் புகழ்பெற்ற காணொளி இயக்கி ஐபோனுக்கு வந்தபொழுது, அதன் பொதுமக்கள் உரிமமும் அப்பிள் விற்பனைத் தளத்தின் விதிகளும் பொருந்தா என்று அதனை ஆக்கியோருள் ஒருவரே முறையிட்டார். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் அது தளத்திலிருந்து நீக்கப்பட்டது. உரிமத்தை மாற்றுவதற்காகப் பல ஆண்டுகளாகச் சிறு சிறு பகுதிகளை எழுதிய தொண்டரைத் தேடித் தேடி இணக்கம் பெறவேண்டியிருந்தது. 2013இலேயே அஃது ஐபோனுக்கு மீண்டது. தொடக்கத்தில் ஒரு தாளில் எழுதக்கூடியதைப் பின்னர் ஓராயிரம் கடிதங்களாலும் எழுதுவது அரிது.

எல்லோரையும் உள்ளே அழைப்பதுதான் ஒரே வழி என்பதுமில்லை. ஒலெக் டோல்யா 2012இல் 'பிக்சல் டன்ஜன்' என்னும் சிறிய நிலவறை ஆட்டத்தைக் கைத்தொலைபேசிக்கென ஆக்கினார். றோக் வழிவந்த அதே விதி அதிலும் உண்டு: இறந்தால் முதலிலிருந்து. 2014இல் அவர் அதன் மூலநிரலைப் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிட்டார். அதனை எடுத்துத் திருத்தத் தொடங்கியவருள் ஒருவர் கனடாவைச் சேர்ந்த எவன் டெபென்ஹாம். சில குறைகளைச் சீர்செய்வதே அவரது முதல் எண்ணம். அவ்வாண்டு வெளிவந்த 'ஷற்றேட் பிக்சல் டன்ஜன்' படிப்படியாக வளர்ந்து 2021இல் 1.0 பதிப்பை எட்டியது. மூலத்தை ஆக்கியவர் ஓய்ந்த பின்னரும் ஆட்டம் உயிரோடிருக்கின்றது. இறந்தோரை எழுப்பும் வித்தை கதைகளில் பாவமாகக் கூறப்படும். இங்கே உரிமமே அதனை முறையானதாக்கிவிட்டது.

கவனிக்கத்தக்கது, டெபென்ஹாம் தம் நிரலை எல்லோரும் காண வைத்திருந்தும் பிறர் எழுதிய நிரலை அதிற் சேர்த்துக்கொள்வதில்லை என்று வெளிப்படையாக அறிவித்திருப்பதாகும். வேண்டுவோர் எடுத்துத் தமக்கெனத் தனி ஆட்டம் செய்யலாம். தொண்டர்க்கு அவர் திறந்துவைத்த வாயில் மொழிபெயர்ப்பு. அதன் எல்லை தெளிவானது, முடிவும் தெளிவானது. சிலருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் எதை ஏற்பேன், எதை ஏற்கமாட்டேன் என்று முன்னரே கூறுபவர், எல்லாவற்றையும் ஏற்பதாகக் கூறி எதையும் பயன்படுத்தாதவரைவிடப் பிறர் உழைப்பை அதிகம் மதிப்பவராவார்.

கைத்தொலைபேசி என்னும் கருவியும் தன் பங்குக்குச் சில கட்டாயங்களை விதிக்கின்றது. திரை சிறியது, விரலோ பெரியது. கணனித் திரையில் அழகாகத் தெரிந்த இருள், வெயிலில் நிற்பவனின் கையில் வெறுங் கறுப்பாகிவிடும். மின்கலம் சூடாகாமல் ஓடவேண்டும். ஆண்டுதோறும் மாறும் இயங்குதளத்துக்கு ஏற்ப நிரலையும் மாற்றவேண்டும். ஆகவே வெளியீட்டுடன் வேலை முடிவதில்லை. கூகிள் தளத்தில் பதிவுசெய்ய ஒருமுறை 25 டொலரும், அப்பிள் தளத்தில் ஆண்டுதோறும் 99 டொலரும் செலுத்தவேண்டும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் கூகிள் இன்னுமொரு விதியைக் கொண்டுவந்தது. தனியாள் ஒருவர் புதிதாகத் திறக்கும் கணக்கில் ஆட்டத்தை வெளியிடுமுன், 20 பேர் தொடர்ந்து 14 நாட்கள் அதனைச் சோதித்திருக்கவேண்டும் என்பதே அவ்விதி. 2024இன் இறுதியில் அத்தொகை 12 ஆகக் குறைக்கப்பட்டது. யாவற்றையும் தனியாகவே செய்துமுடித்தேன் என்று பெருமைப்படுபவனும் இறுதியில் பன்னிரண்டு பேரின் இரண்டு வார நல்லெண்ணத்தை நாடித்தான் ஆகவேண்டும்.

கிராமங்களில் நாட்டுக்கூத்து ஆடியோர்க்கும் கூலி இருந்ததில்லை. பகலெல்லாம் வயலிலோ கடலிலோ உழைத்தவர் இரவில் அண்ணாவியாரின் முன் நின்று மாதக்கணக்கில் ஆட்டம் பழகினர். அவர்கள் அறிந்திருந்தது ஒன்றுண்டு: அரங்கேற்றத்துக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. அந்த நாளில் ஊர் கூடும்; வேடந் தரித்தவன் இன்னான் என்று எல்லோரும் அறிவர். நாளும் பெயரும் உறுதியாயிருந்தமையால் கூலியில்லா உழைப்பு வீணானதாக எவருக்கும் தோன்றவில்லை. அரங்கேற்றமே இல்லாத கூத்துக்கு ஆட்களைப் பழக்கும் அண்ணாவியாரை ஊர் மன்னித்திருக்குமா என்பது ஐயமே.

வெஸ்னொத்தில் 'இருளுள் இறங்குதல்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கதை உண்டு. மாலின் கேஷார் என்னும் இளம் மந்திரவாதி, பகைவரிடமிருந்து தன் ஊரைக் காக்கும் பொருட்டுப் பிணங்களை எழுப்பும் வித்தையைக் கற்கின்றான். நோக்கம் நல்லதே. ஆனால் அவ்வூரே அவனைத் துரத்திவிடுகின்றது. அவனும் ஈற்றில் உயிரற்ற உருவாகின்றான். கேளாமலே உழைப்பவரின் துணையை எடுத்துக்கொண்டு, அதற்குரிய விலை எதுவென்று எண்ணாதவன் அடையும் தனிமையை அக்கதையில் ஒருவர் காணக்கூடும். தொண்டர் பிணங்களல்லர், அழைத்தபொழுது எழுந்து, வேண்டாதபொழுது கிடப்பவரல்லர். அவர்கள் தம் வாழ்நாளின் இரவுகளைக் கொண்டுவந்து தருகின்றனர்.

அந்த இளைஞனின் அறைக்கு மீண்டும் செல்லலாம். நான்காம் மாத மௌனத்தின் பின்னர் அவன் நூறு பக்க வரலாற்றை மூடி வைக்கின்றான். ஏழு இராச்சியங்களை விடுத்து ஒரு நிலவறையை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றான். பன்னிரண்டு காவலருள் மூவரை முதலில் நடக்க வைக்கின்றான். ஆறு வாரங்கள் செல்கின்றன. பின்னர் சித்திரக்காரிக்குக் கடிதம் எழுதுகின்றான். மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்டு, பங்கு பற்றி முன்னர் கூறியது வெறும் ஆசை என்று ஒப்புக்கொண்டு, சித்திரங்கள் அவளுக்கே உரியவை, அனுமதி தந்தால் இந்த ஆட்டத்தில் மாத்திரம் அவள் பெயருடன் பயன்படுத்துவேன் என்று எழுதுகின்றான். கூடவே ஆட்டத்தையும் அனுப்புகின்றான்.

அவள் ஒப்புவாளா என்பது அவன் கையில் இல்லை. ஆனால் எங்கோ ஒரு திரையில், அவள் வரைந்த காவலன் முதன்முறையாக ஓர் அடி எடுத்துவைப்பதை அவள் காண்பாள். அவனுக்குரிய கடனில் முதற்பங்கு அன்றுதான் தீர்கின்றது.