940 கிராம்

சைக்கிள் பைத்தியங்களில் கிராம் எண்ணுபவர்கள் தனி வகை. வால்வு மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு கிராம் மிச்சம் என்பார்கள். இரும்பு போல்ட்டுக்குப் பதில் டைட்டானியம் போல்ட் வாங்குவார்கள். மதியம் பிரியாணியை மட்டும் எடை போட மாட்டார்கள். சென்னையில் என் டீமிலேயே இரண்டு பேர் இப்படி. அவர்கள் ஸ்ப்ரெட்ஷீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், போன மே மாதம் கோட்டைப்பட்டினத்தில் அதே மாதிரி ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன். எனக்காக இல்லை, அத்தைக்காக.

அத்தைக்கு 57 வயது. ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். காலையில் அந்தப் பக்கம் போகிற பஸ் அடுப்பு பற்றவைக்கிற நேரத்துக்கு உதவாது. ஷேர் ஆட்டோ ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். மச்சான், அதாவது அத்தை மகன், பைக்கில் கொண்டுபோய் விடுவான். அவனுக்கு வேலை இருக்கிற நாளில் விட மாட்டான். 2020 ஊரடங்கில் நான் ஊருக்கு வந்தபோது என்னுடைய பழைய மவுண்டன் பைக்கையும் கொண்டுவந்து போட்டிருந்தேன். 2012-ல் முதல் சம்பளக் காசில் வாங்கியது, 26 இஞ்ச் சக்கரம், சின்ன பிரேம். எனக்கே குட்டையாக இருந்த வண்டி அத்தைக்குச் சரியாகப் பொருந்தியது. நான் சென்னைக்குத் திரும்பியபின் அத்தை அதை எடுத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் போன வருஷம் போனில் சொன்னார்: "மருமகனே, உன் வண்டி இழுக்க மாட்டேங்குதுடா. முட்டி வாங்குது."

பின்னாலிருந்து மச்சான் குரல்: "வித்துரலாம்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குது."

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் விஷயம் இருந்தது. வண்டி போனால் அத்தை காலையில் யாருக்காவது காத்திருக்க வேண்டும். காத்திருந்து பழக்கமில்லாதவர் அவர். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை 1996-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. அதன் இந்தி வடிவம் என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்புப் பாடமாகவும் இருந்தது. வடநாட்டுப் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் படித்து மார்க் வாங்கினார்கள். எங்கள் ஊரில் என் வகுப்பில் ஒருத்தனுக்கும் அது தெரியாது.

அந்த ஆயிரங்களில் அத்தையும் ஒருவர். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, கிடைத்தது ஜென்ட்ஸ் சைக்கிள். அதில் ஒரு வசதி, சீட்டிலிருந்து ஹேண்டில் வரைக்கும் போகிற பார். அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம். இப்படி நினைத்து ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பிய பெண்களைப் பற்றி சாய்நாத்தும் எழுதியிருக்கிறார். அத்தையின் பாரில் துண்டைச் சுற்றி உட்காரவைக்கப்பட்ட பிள்ளைதான் இப்போது "வித்துரலாம்" என்கிறவன். அந்தச் சைக்கிள் 2018 நவம்பரில் கஜா புயலில் கொட்டகையோடு சேர்ந்து நசுங்கியது.

ஆக, வண்டியை லேசாக்க வேண்டும். எங்கே எடை குறைத்தால் அதிகம் உதவும்? சைக்கிள்காரர்கள் எல்லாரும் ஒரே பதில் சொல்வார்கள்: சக்கரத்தில். அதுவும் சக்கரத்தின் வெளி ஓரத்தில். காரணம் எளிமையானது. பிரேமில் இருக்கிற ஒரு கிராம் முன்னால் நகர்ந்தால் போதும். டயரில் இருக்கிற ஒரு கிராம் முன்னால் நகரவும் வேண்டும், அதே வேகத்தில் சுற்றவும் வேண்டும். அதனால் நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும்போது டயரின் ஒரு கிராம் கிட்டத்தட்ட இரண்டு கிராமாகக் கணக்காகும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல்தான் இது.

மே மாதம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இறால் எடை போடுகிற மின்தராசு ஒன்று ஒரு நண்பன் வீட்டில் சும்மா கிடந்தது. அதை வாங்கிவந்து சக்கரங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். டயர் 790 கிராம். டியூப் 210. ரிம் 620. எல்லாம் இரண்டிரண்டு. டயரில் விரல் மொத்தத்துக்குக் கட்டை கட்டையாக ரப்பர். மலைச்சேற்றைக் கவ்விப் பிடிப்பதற்கு. எங்கள் ஊரில் மலை என்றால் உப்புக் குவியல்தான்.

மவுண்டன் பைக் பிறந்த கதையே கனமான டயரில்தான் தொடங்குகிறது என்பது ஒரு வேடிக்கை. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், 1930-40-களின் பழைய குண்டு டயர் சைக்கிள்களை மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டுபோய், அங்கிருந்து மண்பாதையில் சரேலென்று இறங்கினார்கள். இறங்குவதற்கு எடை ஒரு பிரச்னையே இல்லை, அடி தாங்கினால் போதும். அந்தக் குண்டு டயர்களின் 26 இஞ்ச் அளவே பல பத்தாண்டுகள் மவுண்டன் பைக்கின் அளவாக நிலைத்தது. பிறகு 27.5, 29 என்று உலகம் நகர்ந்துவிட்டது. இப்போது 26-க்கு நல்ல டயர் தேடினால் கடைக்காரர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு வருகிறேன். அத்தை, வண்டி, பை எல்லாம் சேர்த்து 80 கிலோ. வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். சக்கரத்தில் ஒரு கிலோ குறைத்தால், நின்ற இடத்திலிருந்து இந்த வேகத்துக்கு வர ஆகும் சக்தியில் இரண்டரை சதவீதம்கூட மிச்சமாகாது. அதுவும் கிளம்பும்போது மட்டும். சமதரையில் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது மிச்சமாவது அரை வாட்கூட இல்லை. இத்தனை புகழ் பெற்ற "சுற்றும் எடை" கடைசியில் இவ்வளவுதான். மலையேறுகிறவனுக்கு, ரேஸில் பத்து செகண்டுக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டுகிறவனுக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம். கோட்டைப்பட்டினத்தில் தரை தட்டு மாதிரி இருக்கிறது.

அப்படியென்றால் அத்தையின் முட்டியை எது வாங்குகிறது? டயர்தான். ஆனால் அதன் எடை இல்லை, அது நசுங்குகிற விதம். டயர் தரையைத் தொடுகிற இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ரப்பர் அமுங்கி, மறுபடி எழும்புகிறது. அமுக்க நாம் கொடுத்த சக்தி முழுசாகத் திரும்பி வராது, கொஞ்சம் சூடாகப் போய்விடும். ரப்பர் எவ்வளவு மொத்தமோ, கட்டைகள் எவ்வளவு உயரமோ, காற்று எவ்வளவு குறைவோ, அவ்வளவு நஷ்டம். கட்டை டயருக்கும் வழவழ டயருக்கும் உருளும் தடையில் 0.005 வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அத்தையின் வேகத்தில் 16 வாட் வருகிறது. நிதானமாக மிதிக்கிற ஒருவர் கொடுப்பதே 60, 70 வாட்தான். நாலில் ஒரு பங்கைத் தார் ரோட்டைச் சூடாக்கச் செலவழித்துக்கொண்டிருந்தார் அத்தை.

டயர் துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் ஓடுகிறது என்று ஒரு கணக்கு உண்டு. மலிவான டயரில் முப்பது சொச்சம், நல்லதில் அறுபது, ரேஸ் டயரில் 120. கைலி வாங்கும்போது நூல் கவுண்ட் பார்ப்பது போலத்தான். நூல் மெலிந்து நெருங்கினால் துணி மென்மையாக மடங்கும், நஷ்டம் குறையும். எடையும் தானாகக் குறையும். லேசான டயர் ஏன் வேகமாக ஓடுகிறது என்பதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் இதுதான். நாம் பாராட்டை எடைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

சரி, 120 நூல் டயர் வாங்கிவிடலாமே? அங்கேதான் கருவை முள் வருகிறது. அத்தை கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே திரும்பினதும் இருபக்கமும் சீமைக்கருவேலம். வெட்டிப் போட்ட விறகின் முள் ரோட்டில் சிதறிக் கிடக்கும். ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறுகிற முள். மெல்லிய டயரை அது துணியாகக்கூட மதிக்காது. டீம் நண்பர்கள் சொன்ன தீர்வு ட்யூப்லெஸ்: டியூபே கிடையாது, உள்ளே திரவம் ஊற்றிவிட்டால் முள் குத்திய ஓட்டையை அதுவே அடைத்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தத் திரவம் வெக்கையில் சில மாதங்களில் காய்ந்துபோகும், மறுபடி ஊற்ற வேண்டும். அறந்தாங்கியிலேயே அது கிடைக்குமா என்று தேட வேண்டும். நான் சென்னையில் இருப்பேன். காலை ஏழு மணிக்கு உப்பளத்தோரம் காற்று இறங்கினால் அத்தை யாரைக் கூப்பிடுவார்?

மெல்லிய பிளாஸ்டிக் டியூப்கள் இருக்கின்றன, ஐம்பது கிராம்கூட வராது. அதில் சாதாரண சொல்யூஷன் ஒட்டாது, தனி ஒட்டு வேண்டும். எங்கள் ஊர் சைக்கிள் கடை பாயிடம் ஒன்றைக் காட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்தார். "தம்பி, இது பலூன். இதுல நான் பஞ்சர் ஒட்ட முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றோடு விதி ஒன்று தெளிவாகிவிட்டது: பாயால் ஒட்ட முடியாத எதுவும் இந்த வண்டியில் ஏறக்கூடாது.

கடைசியில் வாங்கியது: மடக்குகிற வகை 1.75 டயர், நடுவில் வழவழ, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கோடு, உள்ளே முள் தடுக்க ஒரு பட்டை. 540 கிராம். டியூப் சாதாரண ரப்பர்தான், கொஞ்சம் மெல்லிசு, 150. ரிம் இரட்டைச் சுவர் அலுமினியம், 460. டயரில் 250, டியூபில் 60, ரிம்மில் 160, இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 940 கிராம் குறைந்தது. தராசிடம் நான் ஒரு கிலோ எதிர்பார்த்திருந்தேன்.

நிப்பிளை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மில் முறுக்கிப் பிடிக்கிற அந்தச் சின்னத் திருகு பித்தளையில் ஏறக்குறைய ஒரு கிராம், அலுமினியத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. 72 நிப்பிளுக்கு ஐம்பது கிராம் மிச்சம், அதுவும் சக்கரத்தின் ஓரத்தில். கிராம் எண்ணுபவர்களுக்கு இது லட்டு. ஆனால் எங்கள் ஊர் காற்றில் உப்பு இருக்கிறது. எவர்சில்வர் கம்பியும் அலுமினிய நிப்பிளும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரித்துக் கம்பியோடு இறுகிவிடும். அப்புறம் பெண்டு எடுக்கச் சாவி போட்டால் நிப்பிள் உடைந்து கையோடு வரும். பித்தளையே போட்டோம்.

சக்கரம் கோர்த்தது பாய்தான். இந்த மாதிரி ரிம்மை அவர் கோர்த்ததில்லை. அவர் கைக்குப் பழகியது முன்னால் 32, பின்னால் 40 கம்பி போட்ட பழைய இரும்பு ரிம்கள், மூட்டை ஏற்றுகிற சக்கரங்கள். இது இரண்டிலும் 36. ஆனால் ஸ்போக்ஸ் சக்கரத்தின் தத்துவம் ஒன்றுதான். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் பாரத்தை அமுங்கித் தாங்கும். சைக்கிள் கம்பி அமுங்கவே அமுங்காது, வளைந்துவிடும். அதனால் எல்லாக் கம்பியையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டிவைக்கிறோம். பாரம் ஏறும்போது கீழ்ப்பக்கக் கம்பிகளின் இழுவை கொஞ்சம் தளர்கிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி 1808-லேயே இப்படி இழுவையில் நிற்கிற சக்கரத்தை யோசித்தார். சைக்கிளுக்காக இல்லை. பறக்கும் இயந்திரத்துக்கு லேசான சக்கரம் வேண்டும் என்று. சக்கரத்தில் கிராம் எண்ண ஆரம்பித்தவர் அவர்தான் போல.

பாய் மானி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கம்பியை விரலால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, கால் சுற்று முறுக்கி, மறுபடி சுண்டுவார். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதிக்கு வர இரண்டு மணி நேரம் ஆனது. எனக்குத் தெரிந்த எந்த டெஸ்ட் இன்ஜினியரும் அவ்வளவு பொறுமையாக வேலை பார்த்து நான் கண்டதில்லை. கூலி 300 ரூபாய் கேட்டார். கூடக் கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்டார்.

மறுநாள் அத்தை ஓட்டிப் பார்த்தார். நான் 16 வாட்டைப் பற்றி விளக்கத் தயாராக நின்றேன். அவர் ரோட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் மூன்று படி ஏற்றி வண்டியைத் திண்ணைக்குத் தூக்கினார், உப்புக் காற்றுக்கு வெளியில் விடுவதில்லை. "இப்ப ஒத்த ஆளாத் தூக்க முடியுதுடா" என்றார். இதுவரை மச்சான்தான் ராத்திரி தூக்கிவைப்பானாம். அவன் வர லேட்டானால் காத்திருப்பாராம். படியில் தூக்கும்போது சுற்றும் எடை, சுற்றாத எடை என்கிற பேதமெல்லாம் கிடையாது. 940 கிராம் என்றால் 940 கிராம்தான். அந்த மூன்று படி என் ஸ்ப்ரெட்ஷீட்டில் எந்த வரிசையிலும் இல்லை.

ஜூன் முதல் வாரம் நான் கிளம்பும் முன் அத்தை வண்டியை மறுபடி கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் கேரியர் வேண்டுமாம். இந்த பிரேமில் கேரியர் மாட்ட ஓட்டையே கிடையாது, மலையில் குதிக்கிறவனுக்கு எதற்குக் கேரியர். பாய் யோசித்து, சீட்டுக் குழாயில் ஒரு கிளாம்ப், கீழே ஆக்சிலில் ஒரு பட்டை என்று வழி கண்டுபிடித்து, பழைய இரும்புக் கேரியர் ஒன்றைத் துருத்தேய்த்து எடுத்தார். தராசு இன்னும் என் கையில்தான் இருந்தது. தொங்கவிட்டுப் பார்த்தேன்: 1 கிலோ 310.

"அத்தை, நாம குறைச்சதவிட இது ஜாஸ்தி" என்றேன்.

அவர் பாயிடம் முருங்கைக்காய்க் கட்டைக் குறுக்கால வைத்தால் காலில் இடிக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.