நனைந்த ஏட்டைப் படித்தவர்களுக்கு

மான்செஸ்டர், ஓல்டம், ஆஷ்டன் பகுதிகளின் 1851 மக்கள்தொகைக் கணக்கேடுகளை எழுத்தெழுத்தாக மீட்டெடுத்த தன்னார்வலர்களே,

உங்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேராமலே போகலாம். ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுத வேண்டும். நீங்கள் எனக்குத் தேடிக் கொடுத்தது ஒரு பெரியம்மாவை. அந்தச் சொல் உங்கள் மொழியில் இல்லை.

என் கணவர் ஓல்டம்காரர். அவருடைய பூட்டி ஆறு வயதில் தாயை இழந்தவர். யாரோ ஒரு 'ஆன்ட்டி' எடுத்து வளர்த்தாராம். குடும்பத்தில் மிஞ்சியிருந்த கதை அவ்வளவுதான். என் கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பழைய படங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் என் பேத்தி கேட்டாள்: "ஆன்ட்டின்னா யாரு அம்மிச்சி? பெரியம்மாவா, சித்தியா, அத்தையா?"

அந்த வீட்டில் இத்தனை தலைமுறையாக யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி அது. ஆங்கிலத்தில் கேட்கவே வழியில்லை. தமிழ் பேசும் பிள்ளைக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை.

முதலில் அந்தப் பூட்டியின் தாயான ஓட்டியின் இறப்புப் பதிவைத் தேடினேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். காலாண்டுக்கு ஒரு அட்டவணை. ஓல்டமில் அந்தக் குடும்பப்பெயர் தெருவுக்குத் தெரு உண்டு; ஒரே பெயரில் பல பெண்கள். ஆனால் இறப்பு அட்டவணையில் வயதையும் சேர்த்து எழுதும் வழக்கம் 1866இல்தான் வந்தது. எங்கள் ஓட்டி இறந்தது அந்த 1866இல், முப்பத்து நாலு வயதில். ஓராண்டு முந்திப் போயிருந்தால், அந்த அட்டவணையை மட்டும் வைத்து அந்தப் பெயர்க் கூட்டத்தில் இவர் எவர் என்று நான் பிரித்திருக்க முடியாது. 'ஓல்டம், 8டி' என்ற தொகுதி எண்ணும் பக்க எண்ணும் எழுதி அனுப்பிச் சான்றின் நகலை வாங்கினேன்.

காரணம், காசநோய். இரண்டு ஆண்டுகளாக இருந்தது என்று எழுதியிருந்தது. அடுத்த கட்டத்தில், இறப்பைத் தெரிவித்தவர் பெயர். வேறு குடும்பப்பெயர் கொண்ட ஒரு பெண். 'இறக்கும்போது உடனிருந்தவர்' என்ற குறிப்பு. பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவரின் கைநாட்டு அது. அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பதிவாளர் பேனாவை நீட்டியிருப்பார், இவர் வாங்கி இரண்டு கோடு போட்டிருப்பார். தெருவில் இறங்கி வீட்டுக்கு வந்தால் ஆறு வயதுக் குழந்தை உட்கார்ந்திருக்கும்.

1871 ஏப்ரல் 2 இரவின் கணக்கெடுப்பில் அதே பெண் கிடைத்தார். கைம்பெண், வயது 43, பஞ்சாலையில் கார்டிங் பகுதித் தொழிலாளி. வீட்டில் இன்னொருவர், பதினொரு வயதுப் பெண். தொழில் பத்தியில் 'அரைநேரத் தொழிலாளி'. பாதி நேரம் ஆலை, பாதி நேரம் பள்ளிக்கூடம் என்று சட்டம் வைத்திருந்த காலம். உறவுப் பத்தியில் 'நீஸ்'. அந்தச் சொல்லும் உதவவில்லை. உடன்பிறந்தாள் மகளும் நீஸ், உடன்பிறந்தான் மகளும் நீஸ், கணவன் வழிப் பிள்ளையும் நீஸ். என் பேத்தியின் கேள்வி அப்படியே நின்றது.

கார்டிங் என்று படித்தவுடன் எனக்கு நெஞ்சு அடைத்தது. என் அப்பா கோவையில் ஒரு மில்லில் அதே கார்டிங்கில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்தால் புருவத்திலெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். மிஷினில் 'பிளாட் பிரதர்ஸ், ஓல்டம்' என்று வார்ப்பிரும்பில் பொறித்திருக்கும் என்று சொல்லுவார். ஓல்டம் என்ற ஊர்ப்பெயரை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான்.

அடுத்து, ஓட்டியுடையதும் அந்தப் பெண்ணுடையதுமான திருமணப் பதிவுகள். இரண்டையும் வரவழைத்தேன். இரண்டு மணமகள்களுக்கும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் ஒன்றே. தகப்பன் பெயர் ஒன்றே, தொழில் கைத்தறி நெசவு. ஓட்டியின் திருமணத்துக்குச் சாட்சி நின்றவரும் அதே பெண், அங்கேயும் அதே பெருக்கல் குறி. இது போதாதா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். போதாது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயரில் கைத்தறி நெசவாளர்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர். தாயின் பெயர் இருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கும். ஆனால் இங்கிலாந்துத் திருமணப் பதிவில் தாயின் பெயருக்கு இடம் கிடைத்ததே 2021 மே மாதத்தில்தான். பெற்றவளின் பெயர் இல்லாமல் 180 ஆண்டுகளுக்கும் மேல் பதிவு நடத்தியிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆக, இரண்டு பெண்களையும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டும். 1841 கணக்கெடுப்பில் எல்லார் பெயரும் உண்டு, உறவுமுறை கிடையாது. 1851தான் ஒரே வழி. அங்கேதான் சுவர் எழுந்தது. ஓல்டம் ஏடுகள் கிடங்கில் இருந்த காலத்தில் வெள்ளத்தில் நனைந்து, மை கரைந்து, படமெடுக்கவே லாயக்கில்லாமல் போனவை என்றார்கள்.

1851 மார்ச் 30 ஞாயிறு இரவு எந்த வீட்டில் யார் தங்கினார்கள் என்று எழுத, வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தார்கள். மறுநாள் கணக்கெடுப்பாளர் அதை வாங்கி, எழுதத் தெரியாத வீட்டில் தானே கேட்டு நிரப்பி, பிறகு எல்லாவற்றையும் ஓர் ஏட்டில் பெயர்த்து எழுதினார். வீட்டுத் தாள்களை அழித்துவிட்டார்கள். மிச்சம் அந்த ஏடு ஒன்றுதான். அதுவும் நனைந்தால் அந்த மனிதர்களுக்கு வேறு சாட்சியே இல்லை.

நீங்கள் அதை எடுத்து விரித்தீர்கள். வெறும் கண்ணுக்கு வெற்றுத்தாளாகத் தெரிந்த பக்கங்களைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்து, மை இருந்த தடத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினீர்கள். ஆண்டுக்கணக்கில், கூலி வாங்காமல். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இருந்த அந்த ஏடுகளில் ஐந்தில் நான்கு பங்கு பேரை மீட்டுவிட்டீர்கள். அவர்கள் உங்கள் சொந்தக்காரர்கள்கூட இல்லை.

எங்கள் வீடு அந்த நான்கு பங்கில் இருந்தது. குடும்பத் தலைவர், கைத்தறி நெசவாளர். மனைவி. மகள், வயது 23, கார்டிங். மகள், வயது 19, விசைத்தறி நெசவு. மகன், பத்து வயது, ஆலையில் அறுந்த நூல் முடியும் பையன். மூத்த மகளின் பெயர் முழுசாக இருந்தது. இளையவளின் பெயரில் முதல் இரண்டு எழுத்து இல்லை; அந்த இடத்தை நீங்கள் வெறுமையாகவே விட்டிருந்தீர்கள். மிச்ச எழுத்துகளைப் பார்த்தால் எந்தப் பெயர் என்று யாரும் சொல்லிவிடலாம். நீங்கள் சொல்லவில்லை. கண்ணில் பட்டதை மட்டுமே எழுதினீர்கள். அந்த இரண்டு எழுத்து இடைவெளிக்குத்தான் உங்களுக்கு என் முதல் நன்றி. அதைப் பார்த்த பிறகுதான் மற்ற எழுத்துகளை நான் முழுசாக நம்பினேன்.

அக்கா, தங்கை. ஆகவே பெரியம்மா. பேத்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்போ அவங்களும் அம்மாதானே," என்றாள்.

என் அம்மாவைப் பெற்றவளின் தாய்க்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. சொல்லக்கூடிய பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை. இந்தியாவில் கணக்கெடுப்புத் தாள்களைத் தனியாட்கள் பார்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால்தானோ என்னவோ, கட்டிக்கொண்டு வந்த வீட்டின் ஓட்டியை நீங்கள் கொடுத்தபோது என் சொந்த ஆத்தாவைக் கண்ட மாதிரி அழுதேன்.

அந்தப் பெரியம்மாவின் கடைசிச் சான்றையும் வாங்கிவிட்டேன். 1894, வயது 66, ஓல்டம். தெரிவித்தவர் கட்டத்தில் வளர்ப்பு மகளின் பெயர், 'நீஸ், இறக்கும்போது உடனிருந்தவர்' என்று. பெயருக்கு நடுவே பெருக்கல் குறி இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறார்.


ஓல்டம் வீட்டில் வாழ வந்த கோவைப் பெண்